தகப்பன் உள்ள வீட்டுக்குத் திறக்காத பக்கம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் திருமணத் தகவல் மையம். முதலாளிக்கு அசல் தொழில் பீங்கான். பேட்டைக்குள் சூளை வைத்து ஃபியூஸ் கேரியர் செய்து விற்றார். ஜாதகம் பார்க்கவும் தெரியும் என்பதால் வரன் பார்ப்பது பக்கத்தொழிலாகச் சேர்ந்துகொண்டது. ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், இனிமேல் பெண் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று யாரோ அவர் காதில் ஓத, ஒரு வெப்சைட் போட்டார். அதைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தேன். சென்னைக்கு வேலைக்கு அனுப்ப முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஆபீஸில் எனக்கு முன்பே ஒரு அக்கா இருந்தாள். முப்பத்தொரு வயது. வருகிற ஜாதகங்களை எல்லாம் டைப் அடித்து சைட்டில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு எழுத்துத் தப்பாது. வருகிறவர்களிடம் பேசி உட்காரவைத்து டீ சொல்வதும் அவள்தான். நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு குடும்பம் எதையோ கேட்டதற்கு நான் வெடுக்கென்று பதில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, இந்தப் பொண்ணு கடிச்சு வைக்கும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்றாள். அந்தக் குடும்பமே சிரித்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வரைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

சைட்டின் முகவரியை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் முதலாளி பழைய முகவரியோடு விசிட்டிங் கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தார். பழைய முகவரிக்கு வருகிறவர்களைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்ப ரீடைரக்ட் எழுதினேன். காலி செய்த வீட்டு வாசலில் ஆளை நிறுத்தி, வருகிறவர்களைப் புது வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான். சர்வரில் அதற்கென்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்திருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் பட்டியலில் தெரியாது. இரண்டு வரி எழுதினால் போதும், வருகிறவனுக்குத் தெரியாமலேயே அவனை வேறிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். எனக்கு அந்த ஃபைலை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை, அந்த ஃபைலில் எடுபட்டது.

அப்புறம் ஒரு நாள் திட்டக்குடியைத் தாண்டி இருக்கிற மங்களூரிலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்து முதலாளியிடம் குதி குதியென்று குதித்தார். அவர் மகன் எங்கள் சைட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போய், ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். ஜாதகத்தை வாங்கிப் பார்த்தால் பெண்ணுக்கு மூல நட்சத்திரம். மூல நட்சத்திரப் பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அந்தப் பெண்களின் ஜாதகத்தைத் தரகர்கள் தனிக் கட்டாக வைத்து, மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லாத வீட்டுக்கு மட்டும்தான் எடுத்துப் போவார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த நாசூக்கு தெரியாமல் எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. என்னைக் கொல்லவா சைட்டு நடத்துறீங்க என்று கேட்டுவிட்டுப் பெரியவர் இறங்கிப் போனார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சூளையில் வெந்து வரும் சரக்கில் கீறல் விழுந்ததைத் தனியே ஒதுக்கி ‘செகண்ட்ஸ்’ என்பார்கள். மூல நட்சத்திரப் பெண்களுக்கும் அவர் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார். செகண்ட்ஸை அப்பன் இருக்கறவன் கண்ணுலயே காட்டாதே என்றார். இல்லை என்று போட்டால் ஏன் இல்லை என்று கேட்டு வருவார்கள், அதனால் அந்தப் பெண்ணை அழுத்தினால் வேறு பெண் வரட்டும் என்றார். நான் மறு பேச்சுப் பேசவில்லை. எந்தப் பெண் வரட்டும் என்று மட்டும் கேட்டேன். எவளாவது வரட்டும், வயசு மட்டும் ஒத்துப்போகட்டும் என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பதிவு செய்யும்போது தந்தை உள்ளார், காலமானார் என்று இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அவர்கள் சைட்டுக்குள் வரும்போது அதை ஒன்று, பூஜ்யம் என்று ஒரு சின்னக் குறிப்பாக அவர்கள் பிரவுசரில் போட்டு வைத்தேன். மூல நட்சத்திரப் பெண்களின் பக்கங்களை எல்லாம் ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். குறிப்பில் ஒன்று இருந்து, கேட்பது அந்த ஃபோல்டரில் உள்ள பக்கமாக இருந்தால் வேறு பெண்ணின் பக்கத்துக்குப் போ என்று ஒரு விதி எழுதினேன். முதல் தடவை தப்பு செய்துவிட்டேன். வேறு பெண் என்று நான் காட்டிய ஒருத்தியும் மூலமாகப் போய்விட, அந்தப் பக்கம் இன்னொருத்திக்கு அனுப்ப, அது திரும்ப முதல் பெண்ணுக்கே அனுப்ப, சுற்றிச் சுற்றி பிரவுசர் கையை விரித்துவிட்டது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சரிசெய்தேன்.

டைப் அடிக்கும் அக்காவுக்கும் மூலம்தான். அது எனக்குத் தெரியும். அவள் பக்கமும் சைட்டில் இருந்தது. அதற்கு போட்டோ எடுத்ததே நான்தான், பச்சைப் புடவையில், உரக்கடைப் படிக்கட்டில் நிற்கவைத்து. அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஒருவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. வீட்டில் அவளுக்கு வரன் தேடுவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த நம்பிக்கையை எல்லாம் அவள் அந்த ஒரு பக்கத்தின் மேல்தான் வைத்திருந்தாள். அவளே என்னிடம் சொன்னது இது.

விதியில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன். எங்கள் ஆபீஸ் லைனுக்கு மாறாத ஐபி நம்பர் ஒன்று வாங்கியிருந்தோம். அந்த நம்பரிலிருந்து யார் பார்த்தாலும் எல்லாப் பக்கமும் திறக்கும். நேரில் வருகிறவர்களுக்குக் காட்ட வசதி என்று முதலாளியிடம் சொன்னேன். அசல் காரணம் அக்காவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான். தெரிந்தால் அழுவாள், முதலாளியிடம் போவாள், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது எனக்கு இனித்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இதுவரை பார்த்தவர்கள்’ என்று ஒரு எண் ஓடும். காலையில் வந்ததும் அவள் தன் பக்கத்தைத் திறப்பாள். சாயங்காலம் கிளம்பும் முன் இன்னொரு தடவை. காலையில் பார்க்கும்போது எண் ஒன்று கூடியிருக்கும். நேத்து யாரோ பாத்திருக்காங்க என்று என்னிடம் சொல்வாள். அந்த யாரோ முந்தின நாள் சாயங்காலத்து அவளேதான். தகப்பன் இல்லாத மாப்பிள்ளைகள் எங்களிடம் பத்துப் பேர்கூட இல்லை, அவர்களில் எவனும் அவள் பக்கம் வரவில்லை. நல்லதுக்கா என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்படி நாலு மாதம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மகன் துபாயில் எலக்ட்ரீஷியன், முப்பத்து நாலு வயது. தொலைவில் இருக்கிறவன் என்று இரண்டு மூன்று இடம் தட்டிப் போயிருக்கிறது. மகன் ஆரம்பத்திலேயே எங்கள் சைட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பதிவு நம்பரைக் குறித்து வைத்திருக்கிறான். இப்போது அதைத் திறந்தால் வேறு யாரோ வருகிறாள் என்று அப்பாவுக்கு போன் செய்திருக்கிறான். அவர் ஊர் பிரவுசிங் சென்டரில் மகனின் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்க, அவருக்கும் வேறு பெண்தான். பச்சைப் புடவை கட்டின பெண் என்று மகன் சொல்கிறான், இவருக்கு வருவதோ சுடிதார் போட்ட பெண்.

அவர் நம்பரை நீட்டினது அக்காவிடம். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் தன் கம்ப்யூட்டரில் அந்த நம்பரை அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். பச்சைப் புடவையில் அவளே நின்றாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். நல்லாத்தானம்மா வருது என்று சிரித்தார். அவள் முகம் சிவந்து போனதை நான் பார்த்தேன். இத்தனை நாளில் அவள் அழகாக இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிரவுசிங் சென்டரில் ஏன் வரவில்லை என்று அவள் என்னைக் கேட்டாள். அங்கே கம்ப்யூட்டர் பழசு, இனிமேல் வரும் என்று புளுகினேன். அவர் நம்பிப் போனார். மறுநாளே சுடிதார் பெண்ணின் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா அந்த பிரிண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாளி சூளைக்குப் போயிருந்தார். இருவருமாக என்னைக் கேள்வி கேட்பது போலிருந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“அக்காவுக்கு மூல நட்சத்திரம். உங்க புள்ளைக்கு அப்பா நீங்க இருக்கீங்க. நீங்க இருக்கற வரைக்கும் அவருக்கு இந்தப் பக்கம் தொறக்காது” என்றேன்.

அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவரை வெளியே அழைத்துப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் எப்போதிருந்து என்று கேட்டாள். நாலு மாசம் என்றேன். அவள் பார்வை திரையின் அடியில் இருந்த எண்ணுக்குப் போனது. கணக்கு அவளுக்குச் சட்டென்று விளங்கியிருக்க வேண்டும், டைப் அடிக்கிறவள் அல்லவா. புடவைத் தலைப்பால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்தான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

“நான் இருக்கறதுதான் எடஞ்சலா? அப்ப இல்லன்னு போடும்மா.”

அவள் வேணாம்ங்க என்றாள். அவர் கேட்கவில்லை. தனக்கு சுகர், ஒரு கால் விரலை எடுத்தாயிற்று, கட்டையில் போகிற வயசில் நட்சத்திரம் என்ன செய்துவிடும் என்றார். மகன் அங்கிருந்து பக்கத்தைப் பார்த்து, சரி என்று அழுத்தினால் வீட்டில் அவன் அம்மாவைத் தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். அவளுடைய ஜாதகத்தை ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தன் ஜாதகத்தைத் தானே எடுத்து நீட்டுகிற பெண்ணை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மதிக்க மாட்டார்கள், அதனால் அவள் கொடுக்க முடியாது. நான் கொடுத்திருக்கலாம். எனக்கு அது தோன்றியும் இருந்தது. என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்ற வீம்பில் எழுந்து அவள் மேஜைக்குப் போனேன். பதிவில் திருத்தம் செய்வது அவள் லாகினில்தான் முடியும். அவள் தடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

மகனின் பதிவில் தந்தை உள்ளார் என்பதை எடுத்துவிட்டு, காலமானார் என்று மாற்றினேன். பெரியவர் குனிந்து அதைப் படித்தார். சரியாத்தான் இருக்குது என்றார். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணும்போது விஷயத்தைச் சொல்கிறேன், வந்து பேசி முடிக்கலாம் என்று அக்காவிடம் சொன்னார். போயிட்டு வரேம்மா என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்று சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் டைப் அடிக்கும்போது மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடினாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே துபாயில் சைட்டைத் திறந்திருக்கிறான். தன் பெயருக்கு நேரே தந்தை காலமானார் என்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தியை உடனே சொல்லாமல் மறைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. அலறிக்கொண்டு ஓடி வந்து வேலையை விட்டுவிடுவான் என்று பயம். அவனோடு தங்கியிருந்த ஒருவனுக்கு அப்படித்தான் மறைத்திருக்கிறார்கள். தனக்கும் அதேதான் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். வீட்டுக்கு போன் போட்டு, அப்பா எப்பம்மா செத்தாரு, எனக்கு ஏன் சொல்லல என்று கதறியிருக்கிறான்.

பெரியவர் அன்று விடியற்காலையிலேயே திட்டக்குடிக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். அவரிடம் செல்போன் கிடையாது. துபாய் வரைக்கும் தெரிந்த சேதி நமக்குத் தெரியவில்லையே, பஸ்ஸிலோ வழியிலோ என்னமோ ஆகிவிட்டது என்று அவர் மனைவி தெருவில் விழுந்து புரண்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் திட்டக்குடிக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் வரைக்கும் ஒப்பாரி. மூன்று மணி பஸ்ஸில் பெரியவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவியும், மனைவியின் தம்பிகள் இரண்டு பேரும் எங்கள் மாடிக்கு வந்தார்கள். முதலாளி இருந்தார். யார் மாற்றினது என்று கேட்டார்கள். யார் திருத்தினார்கள் என்பது பதிவில் தானாக ஏறும். முதலாளி திறந்து பார்த்தார். அக்காவின் லாகின். யாருக்காக மாற்றினது என்பதும் அந்தம்மாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது, புருஷன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டைப் அடிக்கிறவள் தன் கல்யாணத்துக்காக அந்த எளிய மனுஷனை மயக்கி, உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தவன் என்று தானே எழுதிவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

நான் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் மாற்றினேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் வேலை போய்விடும், வீட்டில் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில், யாரும் என் பக்கம் திரும்பவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

“இன்னும் வூட்டுக்குள்ளயே வரல. அதுக்குள்ள எம் புருசன பாடையில ஏத்திட்டா” என்றார் அந்தம்மா.

முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மண்ணை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி அவள் தலைமேல் வீசினார். கீபோர்டு, மானிட்டர், டைப் அடிக்க வைத்திருந்த ஜாதகங்கள் எல்லாவற்றின் மேலும் மண். அவள் நகரவும் இல்லை, கையால் மறைக்கவும் இல்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். பெரியவர் உரக்கடை வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஏறி வரவில்லை. மனைவி இறங்கியதும் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

முதலாளி அவளை அன்றைக்கே நிறுத்தினார். கத்தவில்லை, அதிகம் பேசவும் இல்லை. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றுகூடச் சொல்வேன். மூலத்தின் வேகத்தைப் பாருங்கள், கம்ப்யூட்டரில் பேரைச் சேர்த்ததற்கே ஒரு வீட்டில் ஒப்பாரி வைத்துவிட்டார்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் வருஷக் கணக்கில் சொன்னார். எங்கள் சைட்டில் அந்தப் பயமே கிடையாது, விதி போட்டு வைத்திருக்கிறோம் என்று முடிப்பார். பதிவுகள் கூடின. எனக்கு உதவிக்கு இன்னொரு பெண்ணையும் வைத்தார்.

அக்கா டிராயரைக் காலி செய்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். வகிட்டில் மண் அப்படியே இருந்தது. கதவு வரைக்கும் போனவள் திரும்பி என் மேஜைக்கு வந்து நின்றாள். காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முதலாளி உள்ளே போனில் இருந்தார்.

“என் பக்கத்த எல்லாருக்கும் எடுத்துட்ட. எனக்கும் எடுத்துடு” என்றாள்.

எடுக்கும் வரை அங்கேயே நின்றாள். நான் அவள் பக்கத்தை அழித்தேன். பச்சைப் புடவை போட்டோவையும் அழித்தேன். அவள் நம்பரை அடித்து, ஒன்றும் வரவில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அவள் வேறெதுவும் சொல்லாமல் போனதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அன்றைக்கு வெட்கம் வரவில்லை. மண்ணைக் கூட்டித் தள்ளிவிட்டு, அவள் மேஜையிலேயே டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டேன்.